ஊதா மணிக்கு வந்த நோட்டீஸ்

"நோட்டீஸ் வந்திருக்கு! நம்மாத்துக்கு நோட்டீஸ் வந்திருக்கு!"

அக்கா வாசலிலிருந்து போட்ட சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். 2023 ஜூலை மாதம். கனடாவில் கால்கரி நகரம். நான் போய் இறங்கி மூன்றாவது நாள். ராத்திரி பூரா ஆந்தை மாதிரி முழித்துவிட்டு, காலை பதினொரு மணிக்குத்தான் கண்ணயர்ந்திருந்தேன். எவ்வளவு அசந்து தூங்கினாலும் 'நோட்டீஸ்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் எழுந்து விடுவேன். பி.காம். படித்த தோஷம்!

கீழே வந்தால் வீடே அமர்க்களப்பட்டுக் கொண்டிருந்தது. "வீட்டு வரி கட்டியாச்சே... தண்ணி பில் கட்டியாச்சே..." என்று அத்திம்பேர் அலமாரியிலிருந்து ஃபைல்களை இறக்கிக் கொண்டிருந்தார். பதற்றமே இல்லாதவர் ஒருத்தர்தான். அத்திம்பேரின் அப்பா. வயசு எழுபத்தைந்து. ஒரு தட்டு நிறைய ஊதாப் பூக்களோடு பிள்ளையார் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். கோர்ட்டும் இல்லை, கச்சேரியும் இல்லை. நம் ஊரில் சர்க்கஸ் வந்தால் ஜீப்பிலிருந்து வீசிக்கொண்டே போவார்களே, அந்த ஜாதி நோட்டீஸ்! வழவழ காகிதத்தில் மணி மணியாகத் தொங்கும் ஓர் ஊதாப் பூவின் படம். அதன் கீழே யாரோ பேனாவால் ஒரு சிரித்த முகம் வரைந்து, 'இது உங்கள் தோட்டத்தில் நிறைய இருக்கிறது. வந்து பேசட்டுமா? - பக்கத்து வீடு' என்று எழுதியிருந்தார்கள்.

படத்தைப் பார்த்தேன். மாமாவின் தட்டைப் பார்த்தேன். மறுபடி படத்தைப் பார்த்தேன்.

அதே பூ!

அதன் பெயர் க்ரீப்பிங் பெல்ஃப்ளவர். தமிழில் 'ஊர்ந்து பரவும் மணிப்பூ' என்று வைத்துக் கொள்ளுங்கள். தாவரவியல்காரர்கள் காம்பானுலா என்கிறார்கள். லத்தீனில் குட்டி மணி என்று அர்த்தம். இந்தக் குடும்பத்தில் 400 வகைக்கு மேல் உண்டு. பெரும்பாலும் பரம சாதுக்கள். கான்டர்பரி பெல்ஸ் என்று ஒன்று. முதல் வருஷம் தரையோடு இலை விட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். இரண்டாம் வருஷம் பூத்து, காய்த்து, வந்த வேலை முடிந்ததென்று உயிரை விட்டுவிடும். அப்பேர்ப்பட்ட குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை. எந்தக் குடும்பத்தில்தான் இல்லை!

ஐரோப்பாவிலிருந்து 'ஆஹா, என்ன அழகு' என்று தோட்டத்துக்காகக் கொண்டுவந்த செடி இது. கால்கரி இருப்பது ஆல்பர்ட்டா மாகாணத்தில். அங்கே களைகளுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. நம் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் ரவுடிகளை வகை பிரித்து வைத்திருப்பது போல் களைகளையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் வகையைக் கண்ட இடத்தில் ஒழித்துக்கட்ட வேண்டும். இரண்டாவது வகையைப் பரவாமல் அடக்கி வைக்க வேண்டும். அடக்க வேண்டியவர் நிலத்துச் சொந்தக்காரர். மாமாவின் பூஜைப் பூ அந்த இரண்டாவது வகை.

"அப்பா, இதையெல்லாம் பிடுங்கியாகணும்" என்றார் அத்திம்பேர்.

மாமா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதை?"

"இந்தப் பூச்செடியை. இது களையாம்."

"பூக்கறது எப்படிடா களையாகும்?" என்றார் மாமா. அதற்குமேல் எதுவும் பேசவில்லை. மத்தியானம் மோர் சாதம்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

அக்கா என்னைத் தனியாக சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். 2020 நவம்பரில் மாமி போய்விட்டார். அதற்கப்புறம் மாமா கொல்லைப் பக்கமே போகவில்லை. பூப் பறிப்பது எப்போதுமே மாமி டிபார்ட்மெண்ட். பிள்ளையாருக்கு அட்சதையைப் போட்டு ஒப்பேற்றிக் கொண்டிருந்தார். இந்த வருஷம் ஜூலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் வேலி ஓரம் முழுக்க ஊதா. புல்தரை நடுவில் ஊதா. ரோஜாச் செடிக்குள்ளே ஊதா. "மாமி இருந்தபோது வேலி ஓரமா ஒரு முழம்தான் இருந்தது. இப்போ பாரு. 'அவதாண்டி பூத்து நிக்கறா'ன்னு சொல்லிண்டு, மூணு வருஷம் கழிச்சுக் குடலையை எடுத்தார். அதைப் போய்ப் பிடுங்குன்னு நான் எப்படிடா சொல்லுவேன்?"

எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் அத்திம்பேர் மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

அந்த ஊரில் ஜூலையில் சூரியன் ராத்திரி ஒன்பதே முக்கால் வாக்கில்தான் மறைகிறது. (மாமாவுக்கு சாயங்கால சந்தியாவந்தனம் எப்போது செய்வதென்பது வருஷாவருஷம் பெரிய பிரச்னை!) ஆகவே ஆபீஸ் விட்டு வந்தபிறகும் களை எடுக்க வேண்டிய வெளிச்சம் இருந்தது. நானும் இறங்கினேன்.

முதல் செடியைப் பிடித்து இழுத்தேன். இடுப்பு உயரச் செடி 'பொளக்'கென்று கையோடு வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அரை மணி நேரத்தில் ஐம்பது செடியைப் பிடுங்கிக் குவித்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, காபி!" என்று குரல் கொடுத்தேன். ஜெயித்தாகி விட்டதே!

பத்தே நாள். பிடுங்கின இடத்திலெல்லாம் இதய வடிவ இலைகள் எட்டிப் பார்த்தன. ஒன்று இருந்த இடத்தில் மூன்று.

"நீ பிடுங்கினது செடியை இல்லை. அதோட தொப்பியை!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி. நோட்டீஸ் போட்டவர் அவர்தான். கையில் நீளமான நாலு பல் முள் மண்வெட்டி. வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்து ஓரிடத்தில் ஆழமாகக் குத்தி நெம்பினார். மண் பிளந்தது. மேலாக நூல் நூலாக வெள்ளைத் தண்டுகள் நாலா பக்கமும் ஓடின. அவற்றைப் பிடித்துக்கொண்டே இன்னும் ஆழமாகப் போனால் வெள்ளை முள்ளங்கி மாதிரி தடித்த கிழங்குகள். ஒன்றல்ல, ஒரு கொத்து!

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேலே ஆடுகிற பூவெல்லாம் வெறும் நடப்புக் கணக்கு. அசல் பணம் அடியில் ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கிறது! மேலே இருப்பதை நாம் பிடுங்கப் பிடுங்க, கீழேயிருந்து எடுத்துச் செலவழித்து மறுபடி முளைக்கிறது. நூல் தண்டுகள் புதுக் கிளை திறக்கின்றன. தோண்டும்போது கிழங்கு உடைந்து ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் போதும், அது தனிச் செடியாகிவிடும். அதனால்தான் அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் இதற்கு 'ஜாம்பி' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். செத்துச் செத்துப் பிழைக்கும் கேஸ்!

"மருந்து அடித்தால்?" என்று கேட்டார் அத்திம்பேர், முதுகைப் பிடித்துக்கொண்டு.

"புல்தரைக் களைக்கு வழக்கமாக அடிக்கிற 2,4-டி மருந்து இதுகிட்டே பலிக்காது. புல் சிரிக்கும், பூவும் சேர்ந்து சிரிக்கும்" என்றார் பாட்டி.

(சாப்பிட்டே தீர்த்துவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. இதன் இலையையும் கிழங்கையும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. இதன் சகோதரி ராபுன்குலஸை ஐரோப்பாவில் காய்கறியாகவே பயிர் செய்திருக்கிறார்கள். க்ரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்ட ராபுன்ஸெல் கதையில், பக்கத்துத் தோட்டத்தில் கீரை திருடி மாட்டிக்கொள்ளும் புருஷன் திருடியது இதைத்தான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அக்கா ஒரு கூட்டு செய்து பார்த்தாள். எப்படி என்று கேட்டதற்கு அத்திம்பேர் யோசித்து, "பருப்பு நன்னா இருக்கு" என்றார். யோசனை கைவிடப்பட்டது.)

இவ்வளவு களேபரத்திலும் மாமா கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனதும், பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து வாடாத பூக்களைப் பொறுக்கித் தட்டில் வைத்துக் கொள்வார். அதைப் பார்த்தபிறகு எனக்கு ராத்திரி தூக்கம் வராததற்கு நேர வித்தியாசம் மட்டும் காரணமில்லை.

மறுநாள் காலையில் பாட்டி ஒரு பூதக்கண்ணாடியோடு வந்தார். நேராக மாமாவின் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். ஒரு மொட்டைக் கிள்ளி, நகத்தால் பிரித்து, "பாருங்கள்" என்று கண்ணாடியைக் கொடுத்தார். மாமாவுக்கு இங்கிலீஷ் புரியும். ஆனால் வெள்ளைக்கார உச்சரிப்புக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

மொட்டுக்குள் நடுவில் ஒரு தண்டு. அதைச் சுற்றி ஐந்து மகரந்தப் பைகள். பூ விரிவதற்கு முன்பே, மூடிய கதவுக்குள்ளேயே, ஐந்தும் தங்கள் மகரந்தத்தை எல்லாம் நடுத்தண்டின் மேலுள்ள ரோமங்களில் பூசிவிடுகின்றன. பிறகு வாடிச் சுருங்கிவிடுகின்றன. அதாவது சொத்தை எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக் கொள்கின்றன!

பூ விரிகிறது. இப்போது அது ஆண் பூ. குண்டுத் தேனீ மணிக்குள் புகுந்து, தண்டைத் தடவி, முதுகில் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகிறது. கொடுக்கக் கொடுக்க, அந்த ரோமங்கள் தண்டுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு விடுகின்றன. கடை காலி, ஷட்டர் டவுன்! அப்புறம்தான் தண்டின் நுனி மூன்றாகப் பிரிகிறது. இப்போது அதே பூ பெண் பூ. வேறு பூவிலிருந்து மகரந்தம் கொண்டுவரும் தேனீக்காகக் காத்திருக்கிறது.

"ஒரே பூ, முதல்ல மாப்பிள்ளை, அப்புறம் பொண்ணா?" என்றார் மாமா. இரண்டு வாரத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி!

"ஆமாம் மாமா. சொந்தத்திலே கல்யாணம் வேண்டாம்னுதான் இவ்வளவு ஏற்பாடு."

"வெளி வரன் வரவே இல்லைன்னா?"

அதற்கும் இந்தச் செடி வழி வைத்திருக்கிறது. இளசாக இருக்கும்போது தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வயசாக ஆக அந்த வீறாப்பு தளர்ந்துவிடும். கடைசி நாட்களில், சொந்த மகரந்தமானாலும் பரவாயில்லை என்று இறங்கி வந்துவிடும். 1990-களில் அமெரிக்காவில் இதையே உட்கார்ந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ஆக, தேனீ வந்தாலும் விதை, வராவிட்டாலும் கொஞ்சமாவது விதை.

காயும் மணி மாதிரியே தலைகீழாகத் தொங்குகிறது. விதை வெளியே வர அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். எங்கே தெரியுமா? காம்புப் பக்கம், அதாவது தொங்கும்போது மேல் பக்கம்! அதனால் எல்லா விதையும் ஒரே இடத்தில் கொட்டிவிடாது. காற்றில் தண்டு ஆட ஆட, மிளகுத்தூள் டப்பாவைத் தட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தூவும். ஒரு செடியில் ஆயிரக்கணக்கில் விதை. 15,000 வரை போகும் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள்.

எனக்குள் இருந்த பி.காம். மனக்கணக்கில் இறங்கியது. ஒரு விதைக்கு... பதினைந்தாயிரம்... அதில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தாலே... அதற்குள் பாட்டி மாமாவிடம் வேறு ஏதோ சொல்லிக் கொண்டிருந்தார். மொழிபெயர்க்க மறந்துவிட்டேன் என்று ஞாபகம் வந்து காதைக் கொடுத்தேன்.

"உங்கள் மனைவி தினமும் காலையில் வருவார். கையில் ஒரு சின்னக் கூடை. மழையானாலும் வருவார். விரிந்த பூ ஒன்று விடாமல் பறித்துக்கொண்டு போவார். எனக்குக் கையாட்டுவார். இந்தத் தெருவிலேயே ஒழுங்காகக் களையை அடக்குகிறவர் இவர்தான் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக் கொண்டிருந்தேன்."

எனக்குப் பளிச்சென்றது. இவர்கள் இந்த வீட்டை வாங்கியது 2012-ல். செடி அப்போதே வேலி ஓரத்தில் இருந்திருக்கிறது. மாமி ஒன்பது கோடை காலம் அன்றன்று விரிந்த பூவை அன்றன்றே பறித்துப் பிள்ளையாருக்குப் போட்டிருக்கிறார். எல்லாம் முதல் நாள் பூ. அதாவது ஆண் பூ! பெண் பூவாக மாறுவதற்கே அவற்றுக்கு அவகாசமில்லை. பிரம்மச்சாரி சாமிக்கு பிரம்மச்சாரிப் பூக்களாகவே ஒன்பது வருஷ அர்ச்சனை! விதை ஏது? வேர் மட்டும் வேலியோரமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் ஒரு முழத்தோடு நின்றது.

2020-க்கு அப்புறம் பறிக்க ஆளில்லை. 2021-ல் பூத்த பூவெல்லாம் காய்த்தது. 2022-ல் தோட்டம் பூரா கன்று முளைத்தது. 2023-ல் அவ்வளவும் பூத்துவிட்டது.

இதை எப்படிச் சொல்வது என்று எச்சில் விழுங்கிக்கொண்டு மாமாவைப் பார்த்தேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை. பாட்டி சொன்னதை மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்துகொண்டு விட்டார். கையிலிருந்த மொட்டை ரொம்ப நேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.

"அப்போ இது அவ பூத்தது இல்லை" என்றார். "அவ பறிக்காம விட்டதுதான் இத்தனையும்."

யாரும் பேசவில்லை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, காபி கலப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "அந்த முள்ளு மண்வெட்டியை இப்படிக் கொடும்மா" என்று பாட்டியிடம் தமிழிலேயே கேட்டார். பாட்டியும் தமிழிலேயே புரிந்துகொண்டு கொடுத்தார்.

அன்றிலிருந்து மாமாதான் கமாண்டர். தினம் காலையில் முதல் வேலை குடலை. விரிந்த பூ ஒன்று பாக்கியில்லாமல் பறித்தாக வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் பூவையும் பாட்டியின் அனுமதியோடு பறிப்பார். பூஜை முடிந்ததும் நாளுக்கு ஒரு சதுர கஜம் கணக்கில் தோண்டல். பரபரவென்று இழுக்கக் கூடாது. மண்ணைத் தளர்த்தி, கிழங்கை உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும். உடைந்தால் துண்டைத் தேடிப் பொறுக்க வேண்டும். எடுத்ததை உரக்குழியில் போடக்கூடாது, அங்கேயே குடித்தனம் வைத்துவிடும். பையில் கட்டிக் குப்பை வண்டிக்குத்தான் அனுப்ப வேண்டும். தோண்டின இடத்தை இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். மிச்சத் துண்டு முளைத்திருந்தால் அப்போதே எடுத்துவிட வேண்டும். மேலே இலை விடாமல் பார்த்துக்கொண்டே வந்தால், வரவு இல்லாத டெபாசிட் என்றைக்காவது ஒரு நாள் கரைந்துதானே ஆக வேண்டும்!

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று பாட்டி ஒரு சின்னத் தொட்டியைக் கொண்டுவந்து மாமாவிடம் நீட்டினார். நூல் மாதிரி தண்டு, ஓரடி உயரம், நுனியில் வெளிர் நீலத்தில் குட்டி மணிகள். ஹேர்பெல். அதே காம்பானுலா குடும்பம்தான். ஆனால் இது ஆல்பர்ட்டா மண்ணில் தானாகவே வளர்கிற உள்ளூர்க்காரப் பூ. அடாவடி கிடையாது.

மாமா தொட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இதுக்கும் பின்னாடியே நோட்டீஸ் வருமாடா?"

வராது என்று பாட்டி சத்தியம் செய்தபிறகுதான் தொட்டி உள்ளே போனது.

அடுத்த வருஷம், 2024 ஜூலையில் போன் பண்ணினேன். புல்தரை நடுவிலிருந்த ஊதா போய்விட்டதாம். வேலி ஓரம் மட்டும் பாக்கி. "முழுக்கப் போக இன்னும் அஞ்சு வருஷமாவது ஆகும்கறா அந்தப் பாட்டி" என்றார் மாமா. குரலில் அலுப்பு இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. அஞ்சு வருஷத்துக்கு வேலை உத்தரவாதம் கிடைத்தவர் குரல் அது!

"தினம் பூப் பறிக்கறேளா மாமா?"

"பின்னே? உங்க மாமி ஒன்பது வருஷம் பார்த்த வேலைடா. நடுவிலே மூணு வருஷம் நான் லீவு போட்டுட்டேன். அதான் இத்தனை அரியர்ஸ்!"

அதற்குமேல் பேச நேரமில்லை என்று போனை வைத்துவிட்டார். காலை ஆறு மணி. பூ விரிந்துவிட்டதாம்.